கொடிகள் தடுத்தது யாரை?

கரையான்சாவடியில் பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளையிடம் கேட்டாலும் கன்னியாகுமரிப் பிள்ளையிடம் கேட்டாலும், தற்குறிப்பேற்ற அணி என்றதும் சொல்வது சிலப்பதிகாரக் கொடிகளைத்தான். மதுரை மதில்மேல் காற்றில் ஆடிய கொடிகள், கோவலனையும் கண்ணகியையும் 'வராதீர்கள்' என்று கைகாட்டித் தடுத்தன போல இருந்தனவாம். இயல்பான நிகழ்ச்சிமேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றுவது என்று இலக்கணம் எழுதிப் பொருத்திக் காட்டினால் மதிப்பெண் வந்துவிடும். ஏற்றிய குறிப்பு எதற்கு என்ற கேள்வி அதோடு நின்றுபோகிறது. அந்தக் கேள்விக்குள்தான் கோவலன் என்ற பாத்திரமே இருக்கிறது என்பேன்.

கொடிகள் வரும் புறஞ்சேரி இறுத்த காதையில் அவற்றுக்கு முன்பே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கண்ணகிக்கு வரப்போவதை அறிந்தவள்போல வையை பூவாடை போர்த்திக் கண்ணீரை மறைக்கிறாள். அகழியின் குவளையும் ஆம்பலும் தாமரையும் வண்டின் குரலில் அழுகின்றன. கணவனும் மனைவியுமோ ஆற்றைப் பூக்களின் ஆறு என்று வியந்து தொழுகிறார்கள். இதெல்லாம் கவிமரபு, வெறும் அலங்காரம் என்று ஒதுக்கலாம்தான். ஆனால் இதே காப்பியத்தில் முன்பு வரும் கானல்வரியில், கோவலனின் காதலி மாதவி பாடும் காவிரிக்கும் பூவாடை உண்டு, வண்டொலி உண்டு. அந்தக் காவிரி கயற்கண் விழித்து ஒயிலாக நடக்கிறாள். அதே ஆடை வையைக்கு அழுகையை மறைக்கும் போர்வையாகிறது. மரபுக்காக மட்டும் எழுதியவர் இப்படித் திருப்பிப்போட மாட்டார். இன்னொன்று: மாதவியின் பாட்டில் பேசும் காதலியை மாதவியே என்று எடுத்துக்கொண்டு, வேறொருவனை நினைத்துப் பாடினாள் என முடிவுகட்டிப் பிரிந்தவன் கோவலன். பாட்டில் இல்லாத பொருளைக் கண்டவனுக்கு ஆற்றில் இருக்கும் பொருள் தெரியவில்லை. என்ன வாசகன் இவன்!

வையையின் கண்ணீர் கவிஞர் கூற்றுதானே, பாத்திரத்துக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், அது நியாயமான மறுப்பு. கண்ணகிக்கும்தான் தெரியவில்லை. அவளைக் குற்றம் சொல்ல இடமில்லை. கோவலனையும் முழுதாகச் சொல்ல முடியாது. கானல்வரிப் பிரிவுக்கே யாழை முன்னிட்டு ஊழ்வினை வந்ததாகத்தான் காப்பியம் சொல்கிறது. ஊழ் வந்து சேரும் என்பது பதிகம் அறிவிக்கும் மூன்று கருத்துகளில் ஒன்று. ஆறும் பூவும் கொடியும் அறிந்ததை மனிதர் அறியாமல் நடக்கும் அந்த இடைவெளியை, ஊழ் என்ற சொல்லே இல்லாமல் இந்த அணிகள் நமக்குக் காட்டிவிடுகின்றன. மூன்று காதைகள் தள்ளிக் கோவலனின் கொலைக்களம்.

விடைத்தாளில் அணியின் பெயரைத் திருத்துவது எளிது, விளக்கத்தைத் திருத்துவது கடினம் என்று ஆசிரியர்கள் சொல்லலாம். பெயர் இருக்கட்டும், பக்கத்தில் ஒரு வினா போதும். கொடிகள் அசைந்ததைக் கோவலன் பார்த்தானா என்று இளங்கோவடிகள் சொல்லவில்லை. ஏன்?