விரிசலை மூடும் நுண்ணுயிர்

ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து நோக்குகிறவர்கள் அதன் உயரத்தையும் சிற்ப சௌந்தர்யத்தையும் வியப்பார்களேயன்றி, கட்டுமானத்தைப் பிணைக்கும் சுண்ணாம்பை நினைப்பது அரிது. சுண்ணாம்புக் காரைக்கோ ஓர் அபூர்வ குணம் உண்டு. மயிரிழை போன்ற வெடிப்பு விழுந்தால், மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து, மீண்டும் கல்லாக உறைந்து அதை மூடிவிடும்.

சிமெண்டுக்கு இக்குணம் சொற்பமே. பக்கத்து ஊரான இராஜபாளையத்துப் பி. ஏ. சி. ராமசாமி ராஜாவின் முயற்சியால், விருதுநகரை அடுத்து 1961-இல் சிமெண்டு ஆலை எழுந்த இப்பிரதேசத்தில், இன்று வீடு, பாலம், தொட்டி யாவும் கான்கிரீட்டே. அதில் விரிசல் விழுந்தால் நீர் உட்புகுகிறது. உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருக்கிறது. பருத்த கம்பி மேற்பூச்சைப் பிளக்கிறது.

இதற்குப் பரிகாரமாக நெதர்லாந்தின் டெல்ஃப்ட் சர்வகலாசாலை விஞ்ஞானி ஹெங்க் யோங்கர்ஸ் நாடியது பாக்டீரியாவை. காரம் மிகுந்த இடங்களிலும் பிழைக்கவல்ல 'பாசில்லஸ்' இனத்துச் சில உயிர்கள், நீரும் உணவும் அற்ற காலத்தில் 'ஸ்போர்' என்னும் தடித்த உறைக்குள் ஒடுங்கி, நெற்குதிரில் கிடக்கும் விதைநெல்லைப் போல நெடுங்காலம் உறங்கிக் கிடக்கும். அவற்றையும் அவற்றுக்கு உணவாகும் கால்சியம் லாக்டேட்டையும் களிமண் உருண்டைகளில் பொதிந்து கான்கிரீட்டோடு கலந்துவிட்டால், எந்த நீர் கம்பியை அரிக்க வந்ததோ அந்த நீரே வைத்தியனைத் தட்டியெழுப்பிவிடுகிறது. விழித்த உயிர் லாக்டேட்டை உண்டு, துருவுக்குத் துணைபோகும் பிராணவாயுவையும் உட்கொண்டு, விரிசல் நெடுக சுண்ணாம்புக்கல்லைப் படியவைக்கிறது. ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் அகல விரிசல் வரை இவ்வாறு மூடப்படுகிறது. கோபுரத்துக் காரையில் ரசாயனம் தானே செய்த காரியத்தை இங்கே ஓர் உயிர் செய்கிறது!

பாக்டீரியாவைக் கொண்டே வேறொரு முறையில் பலமும் கூடுகிறது. பாட்டியாலாவின் தாப்பர் சர்வகலாசாலையில் வரேண்யம் அச்சல், அபிஜித் முகர்ஜி, சுதாகர ரெட்டி ஆகியோர், சிமெண்டிலேயே குடியிருந்த ஒரு பாசில்லஸைப் பிரித்தெடுத்து, யூரியா சேர்த்து வளர்த்துக் கலவையில் சேர்த்தபோது, அதன் அழுத்தந்தாங்கும் வலிமை 36 சதவீதம் உயர்ந்ததை 2011-இல் வெளியிட்டார்கள். நுண்துளைகளில் சுண்ணாம்புக்கல் நிறைந்து கலவை இறுகுவதே காரணம். கொதிக்கும் காரத்தில் எதுவும் வாழாது என்று நாம் எண்ணியிருந்த சிமெண்டுத் தூளிலேயே மருந்தும் இருந்தது என்பது என்னை இன்றும் பரவசப்படுத்துகிறது.

மட்டமான மணலையும் அளவு குறைந்த சிமெண்டையும் இந்த ஜீவன் ஈடுசெய்யாது. அகன்ற வெடிப்புக்குக் கொத்தனாரைத்தான் அழைக்க வேண்டும். யூரியா முறையில் அம்மோனியா மிஞ்சுவதால், நம் ஊர் மேல்நிலைக் குடிநீர்த் தொட்டிகளுக்கு லாக்டேட் முறையே உகந்தது. அந்தத் தொட்டிகளின் அடிப்பகுதியில்தான், கண்ணுக்குத் தெரியாத கசிவு ஆண்டுக்கணக்கில் நிகழ்வதால், இதை முதலில் பரீட்சித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆவல்.