பசிக்கு ஓர் அரிய சொல்

ஆங்கிலம் நன்கு அறிந்தவர்களில் பலரும்கூட ஒருமுறையேனும் சந்தித்திராத ஒரு சொல் அம்மொழியில் உண்டு. 'இசூரியன்ட்' என்பது அச்சொல். அகராதியைப் புரட்டினால் இரண்டு பொருள் கிடைக்கும். பசியாய் இருப்பவர் என்பது ஒன்று. பேராசை பிடித்தவர் என்பது மற்றொன்று. இவை இரண்டும் ஒரே சொல்லுக்குள் எப்படிக் குடியேறின? நம் தமிழில் பசி வேறு, பேராசை வேறு. பழைய ஞானோபதேசத்தில் தலையான பாவங்களை மனப்பாடம் செய்தவர்களுக்குப் 'போசனப்பிரியம்' என்ற சொல் நினைவிருக்கும். பசி அந்தப் பட்டியலில் இல்லை.

இச்சொல் 17ஆம் நூற்றாண்டில் இலத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. இலத்தீனில் 'எடெரே' என்றால் உண்ணுதல். அதிலிருந்து பிறந்த 'எசூரிரே' என்பதற்கு, உண்ண வேண்டும் என்றிருத்தல், அதாவது பசித்திருத்தல் என்று பொருள். ஒரு செயலைச் செய்யத் துடிக்கும் நிலையைக் காட்ட அம்மொழியில் இப்படிச் சில வினைச்சொற்கள் உண்டு. 'பரெரே' என்றால் பெற்றெடுத்தல். 'பர்த்தூரிரே' என்றால் பேறுகால வேதனையில் இருத்தல். இந்த ஒப்புமை நமக்கு நன்றாகவே உதவுகிறது. பேறுகால வேதனை ஒரு தாய் விரும்பித் தேடிக்கொள்வது அல்ல, உடலே நெருக்குகிறது. 'எசூரிரே' சொல்லும் பசியும் அத்தகையதே. அதில் பேராசைக்கு இடமில்லை.

ஆனால் வயிறு நிறைந்தவர்களின் வாயில் இச்சொல்லுக்கு வேறு சாயல் ஏறிவிடுகிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமையில் வாழ்ந்த யுவெனால் என்ற அங்கதக் கவிஞரின் மூன்றாம் கவிதையில், பிழைப்புத் தேடி அந்நகருக்கு வந்த கிரேக்கர்களை ஒருவர் ஏளனம் செய்கிறார். பசித்த கிரேக்கப் பயல் எதைச் சொன்னாலும் செய்வான் என்பது அவர் பேச்சின் சாரம். 'பசித்த' என்பதற்கு அங்கே வரும் சொல் 'எசூரியென்ஸ்'. வந்தவனின் வெறும் வயிறு பேசுபவருக்குத் தெரிகிறது. ஆனால் அவர் கண்ணுக்கு அது அவனுடைய குணக்கேடாகப் படுகிறது. இதுவும் ஏதோ பழங்கதை என்று தள்ளிவிட நம்மால் முடியவில்லை.

அதே உரோமையில், 4ஆம் நூற்றாண்டின் இறுதியில், புனித எரோணிமுஸ் இலத்தீன் நற்செய்திகளைச் சீர்செய்தார். அந்தப் பாடத்தில் இதே சொல் மரியாவின் பாடலில் வருகிறது (லூக் 1:53). இறைவன் நன்மைகளால் நிரப்புகிறவர்கள் 'எசூரியென்தெஸ்', பசித்தவர்கள். அவர்கள் தகுதியானவர்களா, நல்லவர்களா என்ற விசாரணை அங்கே இல்லை. பசித்திருக்கிறார்கள், அவ்வளவே. செல்வரோ 'இனானெஸ்', வெறுமையாக அனுப்பப்படுகிறார்கள். அர்த்தமற்ற பேச்சைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் 'இனேன்' என்ற சொல் இதன் வழிவந்ததே.

பாலைநிலத்தில் நாற்பது நாள் நோன்பிருந்தபின் இயேசு பசியுற்றதைச் சொல்லவும் (மத் 4:2), இறுதித் தீர்ப்பின்போது அவர் தம் பசியை நினைவூட்டும் இடத்திலும் (மத் 25:35) இலத்தீனில் இதே வினைச்சொல்தான். கிரேக்கப் பயலை ஏளனம் செய்யப் பயன்பட்ட சொல்லை மீட்பர் தமக்கே சூட்டிக்கொள்கிறார்.

ஆங்கிலத்தில் இச்சொல் இன்று பெரும்பாலும் வேடிக்கைக்குத்தான் பயன்படுகிறது. பி.பி.சி. 1972இல் ஒளிபரப்பிய 'மான்ட்டி பைத்தான்' நகைச்சுவைக் காட்சி ஒன்றில், பாலாடைக்கட்டிக் கடைக்கு வரும் ஒருவர் தம் பசியைச் சொல்ல இச்சொல்லைக் கையாள்கிறார். கடைக்காரருக்குப் புரியவில்லை. பாமர வழக்கில் பசி என்று சொன்ன பிறகுதான் புரிகிறது. கடையில் ஒரு துண்டு பாலாடைக்கட்டிகூட இல்லை என்பது வேறு கதை!

இசையில் இச்சொல்லுக்கு நல்ல இடம் கிடைத்தது. யோகான் செபஸ்தியான் பாக் 1723இல் லைப்சிக் நகரில் மரியாவின் பாடலுக்கு இலத்தீனில் இசை அமைத்தார். 1733இல் அதைத் திருத்தினார். பசித்தோரைப் பற்றிய வரியை ஒற்றைக் குரல் பாட, இரண்டு குழல்கள் இனிமையாகத் துணைவருகின்றன. பாடல் முடியும் இடத்தில் நாம் காதைத் தீட்டிக் காத்திருக்கிறோம். ஆனால் குழல்கள் கடைசிச் சுரத்தை வாசிப்பதில்லை. கீழே அடித்தளக் கருவிகள் மட்டும் அதைத் தொட்டு நிற்கின்றன. செல்வரின் கை வெறுமையாய்ப் போனதை பாக் அப்படித்தான் காட்டினார் என்று இசை அறிந்தோர் கூறுவர்.