பேய் வீட்டில் குடியிருந்த ரஷ்ய அம்மையார்

குர்லாவில் ரயில் ஏறி, தாதரில் மாறி, மகாலட்சுமியில் இறங்கினால் சற்றுத் தொலைவில் பிரீச் கேண்டி. இன்று நம்மைப் போன்றவர்கள் வாடகை கேட்கவே அஞ்சும் இடம். ஆனால் 1880ஆம் ஆண்டின் கடைசியில் அங்கே கடலோரப் பாறைச் சரிவில் ஒரு பெரிய பங்களா மலிவு வாடகைக்குக் கிடைத்தது. காரணம், அதில் பேய் உலாவுகிறது என்ற பேச்சு! பங்களாவின் பெயர் 'குரோஸ் நெஸ்ட்', அதாவது காக்கைக் கூடு.

துணிந்து குடி வந்தவர்கள் ரஷ்யப் பெண்மணி பிளாவட்ஸ்கி அம்மையாரும் அமெரிக்கரான கர்னல் ஆல்காட்டும். 1875இல் நியூயார்க்கில் பிரம்மஞான சபையைத் தொடங்கியவர்கள். 1879 பிப்ரவரி 16 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கி, வெள்ளையர் பகுதியை விட்டு, கிர்காமில் இந்தியர்கள் நடுவே குடியேறினார்கள். ரஷ்ய உளவாளிகளோ என்று போலீசார் பின்தொடர்ந்தார்கள்.

கூரையிலிருந்து கடிதம்

காக்கைக் கூட்டில் சீடர்களும் விருந்தினரும் கூடினார்கள். இமயத்துக்கு அப்பால் வாழும் மகாத்மாக்கள் எழுதியவை என்று சொல்லப்பட்ட கடிதங்கள் கூரையிலிருந்து விழுந்தன. படித்தவர்களும் அதிகாரிகளும் கண்ணால் கண்டு வியந்தார்கள்.

1882 டிசம்பரில் பங்களாவைக் காலி செய்து, சென்னை அடையாறுக்குப் போய்விட்டார்கள். வம்பு அங்கே வெடித்தது. வீட்டு நிர்வாகம் பார்த்த கூலோம் என்ற அம்மாள் சபையிலிருந்து விலக்கப்பட்டார். அற்புதங்களுக்குத் தந்திர ஏற்பாடு செய்யச் சொல்லி பிளாவட்ஸ்கி தமக்கு எழுதியவை என்று சில கடிதங்களை அவர் வெளியே கொடுத்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகை 1884 செப்டம்பரில் அவற்றை அச்சேற்றியது.

லண்டன் ஆராய்ச்சிக் கழகம் ஹாட்ஜ்சன் என்பவரை அனுப்பியது. அவர் அடையாறோடு நிற்காமல் பம்பாய் பங்களாவையும் சோதித்தார். மேல்தளப் பலகைகளுக்கு இடையே காகிதம் நுழையும் இடுக்குகள் இருந்தன! எல்லாம் ஏமாற்று என்பது 1885இல் வந்த தீர்ப்பு. கடிதங்கள் பொய்யானவை என்று பிளாவட்ஸ்கி கடைசி வரை மறுத்தார். அந்த அறிக்கையில் குறைகள் உண்டு என்று 1986இல் அதே கழகத்தின் ஏட்டிலேயே ஒரு கட்டுரை வந்தது. ஆனால் 1885இல் இந்தியாவை விட்ட அம்மையார் திரும்பவே இல்லை. 1891இல் லண்டனில் காலமானார்.

எஞ்சியது எது?

ஆல்காட் அடையாறிலேயே தங்கினார். 1894இல் தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். தெருவில் நடக்கவே தடை இருந்த காலம் அது. பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் அவரைச் சந்தித்தார். அவர் துணையோடு கொழும்பு சென்று பௌத்தம் தழுவினார். திரும்பி வந்து சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907இல் அவர் தொடங்கிய பத்திரிகை காலணாவுக்கு, அதாவது ஒரு பைசாவுக்கு ஏழைகள் கைக்கு எட்டியது.

தாயத்துக்கும் மந்திரத்துக்கும் மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுப்பவர்கள் நம் சால்களில் இன்றும் உண்டு. அவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. கூரையிலிருந்து விழுந்த கடிதங்களால் ஒரு ஏழைக் குடும்பமும் உயரவில்லை. ஆல்காட்டின் பெயர் தாங்கிய பள்ளியோ சென்னை பெசன்ட் நகரில் இன்றும் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்துக் கொண்டிருக்கிறது.