திருப்பதிக்கு நடுவே ஒரு 'ப்'

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் தெலுங்கு படித்து வளரும் நம் பிள்ளைகளிடம் ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதச் சொன்னால், பலர் 'திருபதி' என்று எழுதிவிடுகிறார்கள். கேட்டால், "தெலுங்குல அப்படித்தானே இருக்கு" என்பார்கள். தெலுங்கில் அது சரிதான். தமிழில் ஏன் ஆகாது?

தெலுங்கில் 'பல்' என்பதன் பகரத்துக்கும் 'கோபம்' என்பதன் பகரத்துக்கும் தனித்தனி எழுத்து உண்டு. நமக்கு ஒரே எழுத்துதான். நிற்கும் இடத்தால் ஒலி மாறும். 'திருபதி' என்று எழுதினால் 'கோபம்' போல மெலிந்தே ஒலிக்கும். 'ப்' சேர்ந்தால்தான் வல்லோசை நிற்கும். மேலும், திரு, பதி என்னும் இரு சொற்கள் இங்கே கூடின என்பதற்கும் அதுவே அடையாளம். 'திருமலை'யில் மகரம் வல்லினம் அல்ல, ஆகவே மிகவில்லை.

இனி அசைக்கு வருவோம். எங்கள் சமண நெறியைச் சேர்ந்த அமிதசாகரர் யாப்பருங்கலக்காரிகையில் அசைகளை நேர், நிரை என வகுத்தார். திருப் / பதி என்பது நிரை நிரை, அதாவது கருவிளம். துணிக் / கடை என்பதும் அதுவே. கடைப் பெயரும் திருத்தலப் பெயரும் ஒரே வாய்பாடு! இங்கே சொல் பிரியும் இடமும் அசை பிரியும் இடமும் ஒத்துப் போகின்றன.

எப்போதும் அப்படி அமையாது. சித்தூரைப் பாருங்கள். காற்று பேச்சில் காத்து ஆவதுபோல, சிற்றூர் என்பதே சித்தூர் ஆயிற்று என்பர். சொல்லாகப் பிரித்தால் சிறு + ஊர். அசையாகப் பிரித்தால் சிற் / றூர், நேர் நேர், தேமா. அசையின் வெட்டு 'ஊர்' என்ற சொல்லுக்கு வெளியே நிற்காமல் றகரத்தையும் இழுத்துக்கொள்கிறது. டச்சு மொழியில் இப்படி இல்லை. அங்கே கூட்டுச்சொல்லை அசை பிரிக்கையில் இரு சொற்களும் சேரும் இடத்திலேயே வெட்டுவர்; பெரும்பாலும் முதற்சொல்லை அழுத்தியும் சொல்வர். தமிழில் அந்த அழுத்தம் இல்லை. இரட்டித்த ஒற்றுதான் பல இடங்களில் சேர்க்கையைக் காட்டுகிறது.

ஆகவே பெற்றோர் ஒன்று செய்யலாம். பிள்ளை ஒரு கூட்டுச்சொல்லைப் படித்ததும், "சொல்லாப் பிரி, அப்புறம் அசையாப் பிரி" என்று இருமுறை கேளுங்கள். முதலாவது பொருளைத் தரும், இரண்டாவது ஓசையைத் தரும். ஒற்றை விட்டால் இரண்டுமே தளர்ந்துபோகும். அயல் மாநிலத்தில் தமிழ் தேய்வது பெரும்பாலும் இந்தச் சின்னப் புள்ளிகளில்தான் தொடங்குகிறது.