நெல்லிக்காய்க்குள் ஒளிந்த தண்ணீர்

ஒரு பெருநெல்லிக்காயை எடுத்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கல்வராயன் மலைக் காட்டு நெல்லியாக இருந்தால் இன்னும் விசேஷம். உருவத்தில் சிறியது, கெட்டியானது, கடித்தால் காது வரைக்கும் துவர்க்கும். இப்போது உங்கள் பலத்தையெல்லாம் கூட்டி அதை அழுத்துங்கள். பல் நறநறக்கும், முகம் சிவக்கும், சாறு மட்டும் ஒரு சொட்டுகூட வராது. இத்தனைக்கும் 100 கிராம் நெல்லிச் சதையில் 80 கிராமுக்கு மேல் இருப்பது வெறும் தண்ணீர். இவ்வளவு தண்ணீர் உள்ள ஒரு பொருள் எப்படிக் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறது?

தண்ணீர் ஒரே தொட்டியில் இல்லை என்பதுதான் காரணம். லட்சக்கணக்கான செல்களுக்குள் அது பிரித்து அடைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு செல்லையும் சுற்றிச் செல்லுலோஸ் சுவர். உள்ளே இருக்கும் தண்ணீர் அந்தச் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் காய் விறைப்பாக இருக்கிறது. வாங்கி நாலு நாளான வெண்டைக்காய் துவண்டு போவதும் இதனால்தான்: தண்ணீர் குறைந்தது, தள்ள ஆள் இல்லை.

ஆகவே சாறு வேண்டுமென்றால் முதலில் சுவரை உடைக்க வேண்டும். அப்புறம், வெளியே வந்த சாறு ஓடுவதற்கு வழி வேண்டும். அழுத்துவது அதற்குப் பிறகுதான். வீட்டில் சாறு பிழியும் கருவி செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் அழுத்துவதைப் பற்றி மட்டுமே யோசிக்கிறார்கள். மற்ற இரண்டையும் மறந்துவிட்டு, 'பலம் போதவில்லை' என்று கருவியைத் திட்டுவார்கள்.

கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையே இல்லை. கரும்பு ஊர் அல்லவா! மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டில் ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, கோமுகி அணைக்குப் பக்கத்தில் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் இன்னொன்று. அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு பேருந்தில் ஊர்ந்து போன அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும்.

அடுத்த தடவை ரோட்டோரக் கரும்புச்சாறு வண்டி முன்னால் நிற்கும்போது, கிளாஸைப் பார்க்காமல் கடைக்காரரின் கையைப் பாருங்கள். முதலில் முழுக் கரும்பை உருளைகளுக்கு நடுவே விடுகிறார். சாறு கொட்டுகிறது. கரும்பு பட்டையாக வெளியே வருகிறது. அதை அப்படியே திரும்ப விட்டால் என்ன ஆகும்? உருளைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி அளவுக்கு அது ஏற்கெனவே நசுங்கிவிட்டது, இப்போது சும்மா நழுவிப் போய்விடும். அதனால்தான் இரண்டாக மடித்து விடுகிறார். கனம் இரண்டு மடங்கு, இடைவெளி பழைய இடைவெளிதான், எனவே அழுத்தம் எகிறுகிறது. அடுத்து நாலாக மடித்து, நடுவில் அரை எலுமிச்சம்பழத்தையும் ஒரு துண்டு இஞ்சியையும் வைத்து மறுபடியும் விடுகிறார். முதல் தடவை சுவர் உடைந்தது. அடுத்தடுத்த தடவைகளில் ஒளிந்திருந்த மிச்சம் வருகிறது.

எலுமிச்சை ருசிக்காக மட்டும் இல்லை. கரும்புச்சாறு கொஞ்ச நேரத்தில் கறுக்கத் தொடங்கும். சாற்றில் உள்ள ஒரு நொதி, காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து செய்யும் வேலை அது. நறுக்கிய கத்தரிக்காயும் ஆப்பிளும் பழுப்பாவது அதே வகை நொதியால்தான். எலுமிச்சையின் புளிப்பு அந்த நொதியை மந்தப்படுத்துகிறது.

பெரிய ஆலையில் மடிக்க ஆள் கிடையாது. சுழலும் கத்திகள் முதலில் கரும்பைத் துண்டு துண்டாக்கும். பிறகு ஒரு எந்திரம் அதைப் பஞ்சாகப் பிய்த்துப்போடும். அதற்கப்புறம்தான் உருளைகள், அதுவும் ஒரு செட் இல்லை, வரிசையாகப் பல செட். உருளைகளின் மேல் வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். கரும்பைக் கவ்வி இழுக்க அது உதவும், பிழிந்த சாறு வழிந்தோடவும் உதவும். கடைசிப் பக்கம் போகப் போகச் சக்கையின்மேல் சுடுதண்ணீர் தெளிப்பார்கள், நாரில் ஒட்டிக்கொண்டிருக்கும் இனிப்பு அதில் கரைந்து வந்துவிடும். இப்படியெல்லாம் செய்துதான் கரும்பிலுள்ள சர்க்கரையில் நூற்றுக்கு 95 பங்கு வரை கறந்துவிடுகிறார்கள். மிஞ்சிய சக்கை ஆலையின் கொதிகலனுக்கே விறகு.

இந்தத் தொழில் நம் பக்கத்துக்குப் புதியதும் இல்லை. அதியமானின் முன்னோர்தான் கரும்பை இங்கே கொண்டுவந்தார்கள் என்று புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார். அதியமானின் தகடூர் என்பது இன்றைய தர்மபுரி. நம் மலைக்கு மேற்கே இருக்கிறது. கரும்பு ஆட்டும் எந்திரங்கள் ஓயாமல் சத்தம் போடுவதையும், ஆலைகளில் பாகு காய்ச்சும் புகையையும் பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது.

சரி, கரும்பை விட்டுப் பழத்துக்கு வருவோம். சாறு பிழியும் கருவி என்றதும் உலகத்தில் பலருக்கு நினைவு வருவது ஆப்பிள்தான். இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயரிலும் பிரான்சின் நார்மண்டியிலும் ஆப்பிளைப் பிழிந்து சைடர் என்ற பானம் செய்வது பழைய தொழில். கல்வராயன் மலையில் அது நடக்காது. ஆப்பிள் மரத்தின் பல வகைகளுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய 1,000 மணி நேரம் குளிர் வேண்டும். மலைமேல் வெள்ளிமலையில் எவ்வளவு பனி கொட்டினாலும் அது போதாது. ஆனால் ஆப்பிளும் நெல்லியும் பிழிகிறவருக்கு ஒரே மாதிரி தலைவலி. இரண்டும் கெட்டி. இரண்டையும் முதலில் நசுக்கியே ஆக வேண்டும்.

சைடர் பிழிகிறவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஆப்பிளைக் கொரகொரப்பாக நசுக்கி, துணியில் பரப்பி, நாலு பக்கமும் மடிக்கிறார்கள். அதன்மேல் மரச் சட்டங்களால் ஆன ஒரு தட்டி, அதன்மேல் அடுத்த துணிப் பொட்டலம், மறுபடி தட்டி. இப்படி அடுக்கிவிட்டு மேலிருந்து ஒரு பெரிய திருகாணியால் இறுக்குகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அழுத்தினால் வேலை சுலபமாயிற்றே என்று தோன்றும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. மூட்டையின் நடுவில் இருக்கும் சாறு வெளியே வர நெடுந்தூரம், நசுங்கிய சதையின் நுண்ணிய சந்துகள் வழியே ஊர்ந்து வர வேண்டும். அடுக்கின் கனம் இரண்டு மடங்கானால் சாறு வடிய எடுக்கும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும். ஈரக் களிமண்மேல் கட்டடம் கட்டினால் அது எவ்வளவு காலத்தில் அமுங்கும் என்று கார்ல் டெர்சாகி என்ற பொறியாளர் சென்ற நூற்றாண்டில் கண்டுபிடித்த கணக்கும் இதுவே. களிமண்ணிலிருந்து தண்ணீர் வடிவதும் நெல்லியிலிருந்து சாறு வடிவதும் அவருக்கு ஒரே கணக்கு!

இனி நம் கருவி. பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

நெல்லிக்காயைக் கழுவி, கொட்டை எடுத்து, துருவுங்கள் அல்லது உரலில் இடியுங்கள். மிக்ஸியில் மாவாக அரைக்க வேண்டாம். மாவு துணியின் கண்களை அடைத்துக்கொள்ளும், சாற்றுக்கு வழி போச்சு. வெந்நீரில் போட்டு அலசிய பழைய வேட்டித் துணியில் துருவலை மெல்லிய பொட்டலமாகக் கட்டுங்கள். 10 செ.மீ. அகலமுள்ள எவர்சில்வர் டப்பா ஒன்றில், அடிப்பக்கத்தைச் சுற்றிப் பத்துப் பதினைந்து ஓட்டை போட்டு வாங்கி, அதற்குள் பொட்டலத்தை வையுங்கள். டப்பாவுக்குள் சரியாக இறங்குகிற மாதிரி ஒரு வட்ட மரக்கட்டை மேலே. டப்பா நிற்பது ஒரு தாம்பாளத்தில், தாம்பாளம் ஒரு உறுதியான ஸ்டூலில்.

அழுத்துவதற்கு ஒரு சவுக்குக் கம்பு போதும். 2 மீட்டர் நீளம், 8 செ.மீ. தடிமன். தாழ்வான கிளையுள்ள மாமரம் அல்லது புளியமரத்தைத் தேடுங்கள். முருங்கை வேண்டாம், அது காக்கை உட்கார்ந்தாலே ஒடியும். கம்பின் ஒரு முனையை அந்தத் தடித்த கிளைக்கு அடியில் செருகுங்கள். அங்கிருந்து 20 செ.மீ. தள்ளி, கம்பு மரக்கட்டைமேல் உட்கார வேண்டும். மறுமுனையில் ஒரு வாளியைத் தொங்கவிடுங்கள். இப்போது வாளியில் ஒவ்வொரு சொம்பாகத் தண்ணீர் ஊற்றுங்கள்.

10 லிட்டர் தண்ணீர் என்றால் 10 கிலோ. வாளி இருக்கும் தூரம் 200 செ.மீ., கட்டை இருக்கும் தூரம் 20 செ.மீ.; பத்து மடங்கு. ஆக, கம்பின் சொந்த எடையைச் சேர்க்காமலே கட்டையின்மேல் 100 கிலோ அழுத்துகிறது. கட்டையின் பரப்பு சுமார் 78 சதுர செ.மீ.; ஒவ்வொரு சதுர செ.மீட்டரின்மேலும் 1.3 கிலோ அளவுக்கு அழுத்தம். 40 கிலோ எடையுள்ள நீங்கள் அந்தக் கட்டைமேல் ஒற்றைக்காலில் ஏறி நின்றாலும் இதில் பாதிகூட வராது. 'பெரிய டப்பா எடுத்தால் நிறையப் பிழியலாமே' என்று யாராவது சொன்னால் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்: அகலம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு, அதே வாளிக்கு அழுத்தம் கால் பங்காகக் குறைந்துவிடும்.

இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. கட்டை 1 செ.மீ. இறங்க வாளி 10 செ.மீ. இறங்க வேண்டும். வாளி தரையைத் தொட்டுவிட்டால் அழுத்தம் நின்றுவிடும், எனவே உயரமாகத் தொங்கவிடுங்கள். அதற்கு நேர் கீழே காலை நீட்டாதீர்கள்.

சொம்பு சொம்பாக ஊற்றச் சொன்னதற்கும் காரணம் உண்டு. ஒரேயடியாக அழுத்தினால் துணியை ஒட்டியிருக்கும் துருவல் முதலில் இறுகி அடைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் சாறு மாட்டிக்கொள்ளும். ஒரு சொம்பு ஊற்றுங்கள், சொட்டுவது குறையும் வரை காத்திருங்கள், அப்புறம் அடுத்தது. 10 லிட்டரும் ஊற்றிச் சாறு நின்றபின், வாளியை இறக்கிவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக் கிளறி, திரும்பக் கட்டி அழுத்திப் பாருங்கள். 'தீர்ந்துவிட்டது' என்று நினைத்த துருவலிலிருந்து மறுபடியும் சாறு வரும். வாளியில் ஒரு சொட்டும் கூட்டவில்லை, அடைத்துக்கொண்ட வழியைத் திறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

சிலர் காருக்கடியில் வைக்கும் ஜாக்கியை வைத்தே இதைச் செய்கிறார்கள். எண்ணெய் நிரம்பிய ஜாக்கி, பாஸ்கல் விதிப்படி வேலை செய்வது. உள்ளே எண்ணெயைத் தள்ளும் சின்ன உருளை 1 செ.மீ. அகலம், எண்ணெய் தள்ளும் பெரிய உருளை 3 செ.மீ. என்றால் பரப்பில் 9 மடங்கு. கைப்பிடியின் நீளத்தால் 15 மடங்கு என்று வையுங்கள். மொத்தம் 135 மடங்கு. 15 கிலோ அளவுக்குக் கையால் அழுத்தினால் 2 டன்! இதே தத்துவத்தில் பெரிய அழுத்து எந்திரத்துக்கு 1795-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா காப்புரிமை வாங்கினார். ஆனால் ஒன்று: ஜாக்கி கீழே 2 டன் தள்ளினால் மேலே இருக்கும் சட்டத்தையும் 2 டன் தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதி. அதே வாளிக் கணக்கில் நம் சவுக்குக் கம்பு மாமரக் கிளையை மேல்நோக்கித் தள்ளுவது 90 கிலோதான். 2 டன்னுக்கு மரச்சட்டம் பிளந்து ஆணி தெறிக்கும். அதற்கு வெல்டிங் பட்டறையில் அடித்த இரும்புச் சேனல் சட்டம் வேண்டும், அதை இயக்கப் பெரியவர்கள் வேண்டும். நீங்கள் தள்ளி நின்று கணக்கு மட்டும் போடுங்கள்.

எந்தக் கருவியானாலும் சாறு இரும்பில் படக்கூடாது. நெல்லியின் துவர்ப்புக்குக் காரணமான டானின் இரும்போடு சேர்ந்தால் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். நம் மலையில் பொறுக்கும் கடுக்காயிலும் இதே சரக்குதான் இருக்கிறது. அதையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தில் எழுத மை காய்ச்சினார்கள். சந்தேகம் இருந்தால் ஒரு ஸ்பூன் சாற்றில் துருப்பிடித்த ஆணியைப் போட்டு வைத்துப் பாருங்கள். அந்தச் சாற்றைக் குடிக்காதீர்கள், அதைத் தொட்டு எழுதிப் பாருங்கள்.

பிழிந்ததை அன்றைக்கே குடித்துவிடுங்கள். ஒரு பங்கு சாறு, நாலைந்து பங்கு தண்ணீர், உப்பு அல்லது தேன். பழச்சாற்றை வெளியே வைத்தால் காற்றிலும் தோலிலும் இருக்கும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமும் கார்பன் டை ஆக்சைடும் ஆக்கும்; இங்கிலாந்தில் ஆப்பிள்சாறு சைடர் ஆவது இப்படித்தான். மூடிய பாட்டிலில் வாயு சேர்ந்தால் பாட்டில் வெடிக்கவும் கூடும். கரும்புச்சாறும் சில மணி நேரத்தில் புளித்துவிடும் என்பதால்தான் வெல்லம் காய்ச்சுகிறவர்கள் பிழிந்த கையோடு கொப்பரையில் ஊற்றி அடுப்பைப் பற்றவைக்கிறார்கள்.

சக்கையைத் தூக்கிப் போடாதீர்கள். அம்மா தேங்காய்த் துருவலில் முதல் பால் எடுத்தபின் சுடுதண்ணீர் விட்டு இரண்டாம் பால் எடுப்பார்களே, சர்க்கரை ஆலையில் செய்வதும் அதேதான். நெல்லிச் சக்கையில் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு மறுபடியும் வாளியைத் தொங்கவிடுங்கள். முதல் சாற்றையும் இதையும் தனித்தனி டம்ளரில் வைத்து ருசி பாருங்கள். மூன்றாம் சாறு எடுக்கலாமா, அதில் துவர்ப்பு மிஞ்சுமா, வீட்டுத் தராசில் சக்கையின் எடை எவ்வளவு குறைந்திருக்கும்? வெயிலில் காய வைத்து உப்புப் போட்டுத் தின்பதற்கு முன்னால் எடை போட்டுவிடுங்கள், அப்புறம் தம்பி விட்டுவைக்க மாட்டான்.