செவிச்சுருள் மின்முனையிலிருந்து மருந்து வெளியேற்றம்

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ், அரியலூர் மாவட்டத்து ஆலத்தியூர் போன்ற சிற்றூர்களின் வறிய குழந்தைகளும் காக்ளியர் கருவி பெற இயலும். உட்செவியின் நத்தைச்சுருளில் நுழைக்கப்படும் மின்முனை கேள்நரம்பை நேரடியாகத் தூண்டுகிறது. ஆயின் உடல் அதனை அயற்பொருளாகக் கொள்வதால் அழற்சி தோன்றி, நார்த்திசு சூழ்ந்து, மின்மறுப்பு உயர்கிறது. எஞ்சிய கேள்திறனும் குன்றக்கூடும்.

இதனைத் தடுக்க இரு வழிகள் ஆராயப்படுகின்றன. ஒன்று, மின்முனையைத் தாங்கும் சிலிக்கோனில் டெக்சாமெத்தசோனைக் கலந்து மெல்லக் கசியவிடுதல். மற்றொன்று, பாலிபிரோல் என்னும் மின்கடத்தும் பலபடியில் மருந்து அயனிகளைப் பிணைத்து, மின்தூண்டலால் விடுவித்தல். 2006இல் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் இதனைச் செய்துகாட்டினர்.

முன்னது எளிது, ஆனால் பொருத்தியபின் மருந்தளவை மாற்றவியலாது. பின்னதில் அளவைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் மெல்லிய படலம் கொள்ளும் மருந்து சிறிதே. வாழ்நாள் முழுவதும் மின்முனையைத் தாங்கவேண்டிய குழந்தைக்கு, அழற்சி மிகும் தொடக்கக் காலத்தில் நரம்பைக் காப்பதே முதன்மையானது.