நாய்களின் புற்றுநோயும் கத்தியில்லாச் சஸ்திர சிகிச்சையும்

புற்றுநோய் மக்களுக்கே உரிய பிணியென்று எண்ணுவோர் பலர். அஃது உண்மையன்று. நாய்களும், அவற்றுள்ளும் முதுமையெய்தியவை, இந்நோயால் மிகுதியும் வருந்துகின்றன. மூக்கின் உட்புறத்திலும், மூளையைப் போர்த்திய சவ்விலும், நீண்ட காலெலும்புகளிலும் கட்டிகள் தோன்றுவதுண்டு. கிரேட் டேன், ராட்வைலர் முதலிய பேருடல் ஜாதிகளுக்கு எலும்புப் புற்று மற்றவற்றினும் மிகுதியாக வருகின்றது.

கட்டியைக் கத்தியால் அறுத்தெடுப்பதே பழைய முறை. காலில் வந்ததாயின் காலையே நீக்கிவிடுவர். மூன்று காலுடன் நாய் ஓடித் திரிவதைக் கண்டோர் அதன்பொருட்டு நெடுநாள் இரங்கார். ஆனால், மூளையினடியிலோ நாசியின் ஆழத்திலோ உள்ள கட்டியைக் கத்தி எட்டுவது அரிது; எட்டினும் அயலிலுள்ள நல்ல பாகம் கெடும். அத்தகைய இடங்களுக்கென மேனாடுகளில் வழங்குவது, யந்திரக் கையொன்றின் துணையால் செய்யப்படும் கிரண சிகிச்சை. இதனையும் அவர்கள் சஸ்திர சிகிச்சையென்றே கூறுவர். எனினும், இதில் இரத்தமில்லை, தையலுமில்லை.

கிரணத்தையே கத்தியாகக் கொள்ளும் எண்ணம் ஸ்வீடன் தேசத்து மூளை வைத்தியரான லார்ஸ் லெக்ஸெல் என்பாருடையது. 1951-ஆம் ஆண்டில் அவர் இதனை வெளியிட்டார். அவர் முறையில் நோயாளியின் மண்டையோட்டில் ஓர் உலோகச் சட்டத்தைத் திருகிப் பொருத்த வேண்டியிருந்தது. அவரிடம் பயின்ற ஜான் ஆட்லர் என்னும் அமெரிக்கர், சட்டம் வேண்டாத யந்திரமொன்றை ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் ஆக்கி, 1994-இல் முதல் நோயாளிக்குப் பயன்படுத்தினார். அதன் பெயர் 'ஸைபர் நைப்'. கத்தியில்லாததற்குக் கத்தியென்றே பெயரிட்டது வேடிக்கைதான்! 2010-ஆம் ஆண்டை ஒட்டி, நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸ் நகரத்து மிருக வைத்தியசாலையொன்றில் இது நாய் பூனைகளின் சிகிச்சைக்கும் வந்தது.

இதன் அமைப்பைச் சிறிது காண்போம். மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளிற் பணிபுரியும் ஆறு மூட்டுக் கைபோன்ற ஒரு கை. அதன் நுனியில் எக்ஸ் கிரணங்களை உண்டாக்கும் கருவி. அக்கை நோயுற்ற உடலைச் சுற்றிச் சுழன்று, நூற்றுக்கு மேற்பட்ட திசைகளினின்று மெல்லிய கிரணங்களைச் செலுத்தும். ஒவ்வொன்றும் தனித்தனியே வலிமை குன்றியதாதலால், தான் கடந்து செல்லும் தசைக்கு அதிகத் தீங்கு செய்யாது. பல சிறு வாய்க்கால்கள் ஒரு குளத்திற் கூடுவதுபோல, அவையனைத்தும் கட்டியில் வந்து கூடுமிடத்தே மட்டும் அழிக்கும் ஆற்றல் பெறுகின்றன. இடையிடையே எக்ஸ் கிரணப் படங்கள் எடுக்கப்படும். உடல் சிறிது விலகியிருப்பின், கணிப்பொறி அதனையறிந்து கையைத் திருத்தி நிறுத்தும்.

நிற்க. மனிதனை நோக்கி, 'சற்று அசையாதிரும்' என்று வைத்தியர் சொல்லலாம். நாயிடம் அங்ஙனம் சொல்ல இயலுமோ? ஆகவே, ஒவ்வொரு முறையும் அதற்கு மயக்க மருந்து கொடுத்தே கிடத்த வேண்டும். பழைய கிரண சிகிச்சையில், சிறு சிறு அளவாக மூன்று நான்கு வாரங்களில் பதினைந்து இருபது தடவை இங்ஙனம் செய்வர். அத்தனை முறை பட்டினி, அத்தனை முறை மயக்கம். இதயமோ சிறுநீரகமோ தளர்ந்த கிழநாய்க்கு இஃது எளிதன்று. புதிய முறையிலோ ஒன்று முதல் ஐந்து தடவைகளில் முடிந்துவிடும். யந்திரத்தின் நுட்பத்தைப் புகழ்வோர் பலர். நாய்க்கு அதனினும் பெரிய நன்மை மயக்கங்கள் குறைந்ததே என்பது என் துணிபு.

ஆயினும், இது சர்வரோக நிவாரணியன்று. எலும்புப் புற்று கண்டறியப்படுவதற்குள் பெரும்பாலும் அதன் நுண்ணிய வித்துக்கள் நுரையீரலை அடைந்துவிடுகின்றன. காலிற் செலுத்தும் கிரணம் நோவைத் தணிக்கும். நுரையீரலிற் சென்றதைத் தொடாது. அதற்கு வேறு மருந்துகள் வேண்டும். கிரணம் பட்ட எலும்பு பின்னர் முறிதலும் உண்டு. செலவோ பல்லாயிரம் டாலர். இத்தனைக்கும் பிறகு கிடைப்பது பெரும்பாலும் சில மாதங்கள். மூளைச் சவ்வுக் கட்டியாயின் ஓராண்டுக்கு மேலும் கிடைக்கலாம்.

அம்மாதங்களை வேண்டுபவர் யார்? எஜமானரே. நாய்க்கு வருங்காலத்தைப் பற்றிய கணக்கில்லை. இன்றைய நோவும் இன்றைய உணவுமே அதற்குண்டு. ஆதலின், நாய் விருப்பமாய் உண்கின்றதா, வாயிலில் அடியோசை கேட்டால் எழுந்து வருகின்றதா, இரவில் உறங்குகின்றதா என்று முதலில் வினவி, 'இல்லை' என்னும் விடைகள் மிகுந்தால் யந்திரத்தின் பேச்சையே எடாத மிருக வைத்தியரை நான் மதிக்கின்றேன்.

நாயின் எலும்புப் புற்று, வளரும் பருவத்துச் சிறுவர் சிறுமியர்க்கு வரும் எலும்புப் புற்றையே பெரிதும் ஒத்தது. இதனையறிந்த அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையம், வீடுகளில் வளர்ந்து இயல்பாகவே நோயுற்ற நாய்களின் சிகிச்சையை ஆராய்வதற்கென 2003-ஆம் ஆண்டில் தனியொரு பகுதியை ஏற்படுத்திற்று. அங்கே நாய்களிடம் கண்டறிவன குழந்தை வைத்தியர்களுக்கும் பயன்படுகின்றன.